கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குத் தேர்விலும் வகுப்பிலும் வசதி கேட்டு வாங்குவது எப்படி?

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். என் வகுப்பில் உள்ள ஒருவருக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வயது முப்பதைத் தாண்டியவர், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறார், பள்ளி இறுதித் தேர்வுக்குச் சமமான தேர்வை எழுதப் போகிறார்.

வாயால் கேட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் வரும், காரணத்தையும் சேர்த்தே சொல்வார். அதே கேள்வியைத் தாளில் கொடுத்தால் ஆளே மாறிவிடுகிறார். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்துவார், ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுவார், ‘விளைபொருள்’ ‘விலைப்பொருள்’ ஆகிவிடும், நான்கு வரிக் கேள்வியின் கடைசிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும், மறுபடியும் விரல் மேலே போகும். எழுதும்போது ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார். சின்ன வயதில் மண்டு, சோம்பேறி என்று வாங்கிய பேச்சை இன்னும் மறக்கவில்லை, புதிதாக யாராவது வகுப்புக்கு வந்தால் வாய் திறக்கவே மாட்டார்.

டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பையும் எழுத்துக்கூட்டலையும் பாதிக்கும் கற்றல் குறைபாடாக, இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அதை முடிவு செய்ய நான் யார்? தேர்வு மையத்தில் விசாரித்ததற்கு ‘அதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான், பெரியவர்களுக்குக் கிடையாது’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். உண்மையாகவே கிடையாதா? இருக்கிறது என்றால் யார் கேட்க வேண்டும், எதைக் காட்டிக் கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்புத்தகம்:

அந்த மையத்தில் சொன்னது தவறு. நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை, பரவாயில்லை, இங்கே எல்லா நாட்டுக்காரர்களும் இருக்கிறோம், அதனால் பொதுவானதிலிருந்தே வருகிறேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் நிறைவேறி 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதில் 24ஆவது உறுப்பு கல்வியைப் பற்றியது. குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் பகுதியோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள், ஐந்தாவது பத்தி வரை போவதில்லை. உயர்கல்வி, தொழிற்பயிற்சி, வயது வந்தோர் கல்வி, வாழ்நாள் கல்வி எல்லாவற்றிலும் பாகுபாடு இல்லாமல் இடம் கிடைக்க வேண்டும், அதற்கான நியாயமான ஏற்பாடுகளை அரசுகள் உறுதி செய்ய வேண்டும் என்று அங்கே நேராகவே இருக்கிறது. அத்தகைய ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று 2ஆவது உறுப்பு சொல்கிறது. இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் இதை ஏற்று உறுதி செய்தன. அமெரிக்கா 2009இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, ஆனால் அங்கே அதற்கு முன்பிருந்தே உள்நாட்டுச் சட்டம் வலுவாக இருக்கிறது.

நாட்டு வாரியாகப் பார்த்தால், இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, 18ஆவது பிரிவு வயது வந்தோர் கல்விக்கென்றே எழுதப்பட்டது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவும் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் உண்டு, 2008இல் செய்த திருத்தத்தில் வாசித்தல், கவனம் செலுத்துதல், சிந்தித்தல் ஆகியவற்றை வாழ்க்கையின் முக்கியச் செயல்கள் என்று பெயர் சொல்லியே சேர்த்தார்கள். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம். கனடாவில் மாகாணங்களின் மனித உரிமைச் சட்டங்கள். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. இதில் எதுவுமே பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, உங்கள் மையத்து ஆட்கள் குழம்பியதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். பள்ளி வயதில் குறையைக் கண்டுபிடித்து உதவும் பொறுப்பு பல நாடுகளில் பள்ளியின் மேல் இருக்கிறது. அந்த வயது தாண்டியதும் யாரும் தேடி வரமாட்டார்கள். எனக்கு இது இருக்கிறது, எனக்கு இது வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும். வாயைத் திறந்து கேட்காதவருக்குச் சட்டம் பெரும்பாலும் தானாக வேலை செய்வதில்லை. பிரிட்டனில் மட்டும் கல்வி நிறுவனங்கள் முன்கூட்டியே யோசித்து வைக்கும் கடமை இருக்கிறது, அங்கேயும் ஒரு தனி ஆளுக்கு என்ன வேண்டும் என்பதை அவர் சொன்னால்தான் தெரியும். ஆக, நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை அவரைக் கேட்க வைப்பது.

மெல்லவாசிப்பு:

எனக்கு டிஸ்லெக்சியா. வயது வந்த பிறகுதான் தெரிந்தது. பட்டம் வாங்கி வேலையிலும் இருக்கிறேன், இன்றைக்கும் வாசிப்பு மெதுவாகத்தான் போகும்.

மாலைவகுப்பு, சட்டத்துக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன். இதைப் பற்றி அவரிடம் பேசினீர்களா? உங்கள் பதிவில் அவர் என்ன சொன்னார் என்று எங்கேயும் இல்லை. நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் மையத்தில் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர் இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் காத்து வைத்ததை நீங்கள் வெளியே வைத்ததாக ஆகிவிடும். எங்களைப் போன்றவர்கள் வாசிக்கத் தெரியாததை மறைக்கப் படும் பாடு கொஞ்சமல்ல. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்போம், படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நிரப்பிக் கொண்டு வருகிறேன் என்போம், கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு விடுப்பு எடுப்போம். வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கும் இருக்கும்.

குறையின் பெயரோடு தொடங்காதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், அது போதும். ‘நீங்கள் வாயால் சொல்லும்போது எல்லாம் சரியாக வருகிறது, தாளில் வரும்போது சிக்குகிறது, இதை நான் கவனித்திருக்கிறேன், பலருக்கும் இப்படி இருக்கிறது, இதற்கு வழியும் இருக்கிறது, பேசலாமா?’ என்று தனியாக, வகுப்பு முடிந்த பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவருடைய முடிவு. பெரும்பாலும் அன்றைக்கு வேண்டாம் என்றவர் பிறகு தானாக வந்து பேசுவார்.

அப்புறம் இன்னொன்று. வசதி கேட்டு விண்ணப்பிக்கும் படிவம் இருக்கிறதே, பொடி எழுத்தில், நீள நீளமான வாக்கியங்களில் பக்கம் பக்கமாக இருக்கும். வாசிக்கச் சிரமப்படுகிறவர் உதவி கேட்க வேண்டுமானால் அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்! அங்கேயே பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் முதல் உதவி அந்தப் படிவத்துக்குத்தான் தேவை. முழுவதையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள், எந்த இடத்தில் எதற்குச் சம்மதம் தருகிறார், தன் விவரம் யார் யாருக்குப் போகும் என்று புரிந்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.

தேர்வறை:

தேர்வுப் பணியில் நீண்ட காலம் இருக்கிறேன், வசதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பதும் என் வேலை. உள்ளே இருந்து பார்க்கிறவனாகச் சொல்கிறேன்.

வருகிற விண்ணப்பங்களில் பலவற்றில் ஒரே வரிதான் இருக்கும்: ‘இவருக்கு டிஸ்லெக்சியா உள்ளது, தக்க உதவி செய்யவும்.’ இதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? ஒருவருக்கு வாசிப்பதுதான் சிரமம், ஒருவருக்கு எழுதுவது, இன்னொருவருக்கு எண்கள் இடம் மாறும். பெயர் ஒன்றாக இருந்தாலும் தேவை ஒன்றாக இருக்காது. நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: இந்தத் தேர்வில் எந்த வேலை அவருக்குத் தடையாக இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும், அது அவருக்கு உதவுகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி. வகுப்புத் தேர்வில் அதே வசதியோடு எழுதியபோது எப்படி இருந்தது என்று ஆசிரியர் ஒரு பத்தி எழுதித் தந்தால் மருத்துவச் சான்றிதழோடு சேர்த்து அதற்கும் மதிப்பு இருக்கிறது. நீங்கள் இன்றே தொடங்க வேண்டியது இதைத்தான். வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வைச் சாதாரணமாகவும் இன்னொன்றைக் கூடுதல் நேரம் தந்தும் எழுத வைத்து இரண்டு தாளையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

என்னவெல்லாம் கேட்கலாம் என்று தெரியாமலே பலர் கூடுதல் நேரத்தோடு நின்றுவிடுகிறார்கள். கூடுதல் நேரம் இந்தியாவில் மணிக்கு 20 நிமிடம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு இன்னொரு மணி நேரம். பிரிட்டனில் பொதுவாக 25 சதவீதம், அமெரிக்காவில் பெரும்பாலும் 50 சதவீதம். அது போக, கேள்வியைப் படித்துக் காட்ட ஒருவர், சொல்லச் சொல்ல எழுத ஒருவர், கணினியில் தட்டச்சு செய்வது, கணினியே கேள்வியை வாசிப்பது, தனி அறை, பெரிய எழுத்துத் தாள், கடிகாரத்தை நிறுத்தி இடைவேளை, கணக்குக்குக் கால்குலேட்டர், விடைகளைத் தனித் தாளில் குறிக்காமல் கேள்வித்தாளிலேயே குறிப்பது என்று எத்தனையோ இருக்கின்றன. வாசித்தே களைத்துப் போகிறவருக்குக் கூடுதல் நேரம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் களைப்புதான், அவருக்கு இடைவேளைதான் கேட்க வேண்டும்.

படித்துக் காட்டுகிறவர் தாளில் உள்ளதை மட்டுமே படிப்பார், விளக்க மாட்டார். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் திரும்பப் படிக்க வேண்டும். இதைத் தேர்வருக்கு முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள், கேட்கக் கூச்சப்பட்டு ஒரே முறையோடு விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

விண்ணப்பத்தைத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே கொடுத்துவிடுங்கள். எழுதி முடித்த தேர்வுக்குப் பின்னோக்கி வசதி தர முடியாது.

நேர்கோடு:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே புரியாமல் கேட்கிறேன். என் மகளும் தேர்வு எழுதுகிறாள், நேரம் போதவில்லை என்று வந்து அழுகிறாள். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒருவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்தால் மற்றவர்களுக்கு அது அநியாயம் இல்லையா? பிறகு அந்த மதிப்பெண்ணை வைத்து வேலையில் எடுத்தால் அங்கேயும் யாராவது படித்துக் காட்டிக்கொண்டு இருப்பார்களா?

சட்டப்புத்தகம்:

நேர்கோடு, நல்ல கேள்வி, பலர் மனதில் இருப்பதுதான். அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். வரலாறு தெரியுமா என்று பார்க்கிற தேர்வில் வாசிக்கும் வேகம் அளக்கப்பட வேண்டிய பொருளே இல்லை, அது குறுக்கே நிற்கிற தடை. தடையை எடுத்தால் வரலாறு தெரிந்தவருக்கு மதிப்பெண் வரும், தெரியாதவருக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் வராது. அதுவே தட்டச்சு வேகத்தை அளக்கிற தேர்வென்றால் கூடுதல் நேரம் கேட்க முடியாது, கேட்டாலும் தர வேண்டியதில்லை. பிரிட்டன் சட்டத்தில் இதைத் திறனுக்கான அளவுகோல் என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுகோலைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது, அதை எட்டும் வழியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

கனடா உச்ச நீதிமன்றம் 2012இல் மூர் வழக்கில் இதை அழகாகச் சொன்னது. டிஸ்லெக்சியா உள்ள ஒரு சிறுவனுக்குப் பள்ளியில் வேண்டிய உதவி கிடைக்காமல் போன வழக்கு. சிறப்புக் கல்வி என்பது இருந்தால் நல்லது என்று தள்ளி வைக்கக்கூடிய ஆடம்பரம் இல்லை, எல்லோருக்கும் தருவதாகச் சொன்ன கல்விக்குள் அவன் ஏறிப் போவதற்கான சாய்தளம் என்றது நீதிமன்றம். சாய்தளம் வைத்த கட்டடத்தில் படியேறிப் போகிறவருக்கு எதுவும் குறைவதில்லை.

உங்கள் மகளின் கவலையும் நியாயமானது. நேரத்துக்கு அவசியமே இல்லாத தேர்வுகளில் எல்லோரையும் கடிகாரத்தோடு ஓட விடுவது ஏன் என்று தேர்வு நடத்துகிறவர்களிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

மெல்லவாசிப்பு:

வேலையில் யாரும் படித்துக் காட்டுவதில்லை, நேர்கோடு. நீளமான மின்னஞ்சலை என் கணினி வாசிக்கும், காதில் கேட்டுக்கொள்வேன். அறிக்கையை அனுப்புவதற்கு முன்பும் கேட்டுப் பார்ப்பேன், கண்ணுக்குத் தெரியாத பிழை காதுக்குத் தெரிந்துவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட இது தொந்தரவாக இருந்ததில்லை.

நேர்கோடு:

சரி, தெளிவாகிவிட்டது. அளக்க வேண்டியது எது, தடை எது என்று பிரித்துச் சொன்னது உதவியாக இருந்தது. நன்றி.

அளவுகோல்:

கற்றல் குறைபாட்டை மதிப்பீடு செய்யும் வேலையில் இருக்கிறேன். பெரியவர்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, சின்ன வயதில் சோதிக்காவிட்டால் அவ்வளவுதான் என்று. அப்படி இல்லை. டிஸ்லெக்சியா வாழ்நாள் முழுதும் இருப்பது, எந்த வயதிலும் மதிப்பிடலாம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம் என்ற நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இரண்டு மாற்றம் வந்தது, இரண்டுமே பெரியவர்களுக்கு உதவுபவை. முன்பு நுண்ணறிவு ஈவுக்கும் (ஐக்யூ) படிப்பில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் குறைபாடு என்பார்கள், அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அடுத்தது, 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் கற்றலில் சிரமம் இருந்த வரலாறு ஆவணங்களில் இருந்தால் தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுக்குப் பதிலாக அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய பள்ளி அறிக்கை, சிவப்பு மையால் நிறைந்த பழைய நோட்டு, ஆசிரியர் வீட்டுக்கு எழுதிய கடிதம், எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். பெற்றோர், மூத்த உடன்பிறப்புகள் யாராவது இருந்தால் எந்த வயதில் வாசிக்கத் தொடங்கினார் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். தேர்வு அமைப்புகள் சில தரப்படுத்தப்பட்ட மதிப்பீடு வேண்டும் என்றே கேட்கும், அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுக்கு வரும் முன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கண்ணாடி போட்டதும் தீர்ந்துவிடுகிற சிரமம் என்றால் வேறு பாதை. சின்ன வயதில் பள்ளியே மாறி மாறிப் போனதாலும் வேற்று மொழியில் படிக்க வைத்ததாலும் வரும் சிரமத்தையும் மதிப்பிடுபவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் மொழிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கு குறைவு என்பதால் டிஸ்லெக்சியா உள்ளவர் சொல்லைத் தப்பாகப் படிப்பார், உடனே தெரிந்துவிடும். தமிழில் எழுத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். ஆகவே தமிழில் படிக்கும் பெரியவர் கூட்டிக் கூட்டிச் சரியாகவே முடித்துவிடுவார், ஆனால் ஆமை வேகத்தில். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கு உள்ள பல மொழிகளில் இப்படித்தான், பிழையைவிட வேகம்தான் காட்டிக்கொடுக்கும். ‘சரியாகத்தானே படிக்கிறார், என்ன குறை?’ என்று ஆசிரியர் விட்டுவிடுவது இதனால்தான். எழுதும்போது ண ன ந, ல ள ழ, ர ற, கொம்பு, கால் இவற்றில் விடாமல் வரும் தடுமாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றிரண்டு பிழை எல்லோருக்கும் வரும், இவருக்கு எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் திரும்ப வரும்.

அறிக்கை வாங்கும்போது மதிப்பிடுபவரிடம் சொல்லுங்கள், குறையின் பெயரோடு நிறுத்தாமல் அது வாசிப்பை எப்படித் தடுக்கிறது, எந்த ஏற்பாடு தேவை, ஏன் தேவை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மேலே தேர்வறை கேட்டது அதுதான். வண்ண வடிகட்டித் தாள், வண்ணக் கண்ணாடி என்று யாராவது விற்க வந்தால் பணத்தை வீணாக்காதீர்கள், டிஸ்லெக்சியாவை அது சரி செய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

பணிமனை:

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். படிப்புக்குத்தானா இதெல்லாம், வேலையில் பதவி உயர்வுக்கு வைக்கும் எழுத்துத் தேர்வுக்கும் கேட்கலாமா? என் தம்பிக்குக் கணக்கு எழுதும்போது எண்கள் இடம் மாறிவிடும், செய்முறை வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

சட்டப்புத்தகம்:

கேட்கலாம். பிரிட்டனில் 2007இல் டிஸ்லெக்சியா உள்ள ஒரு காவல்துறை அதிகாரியின் வழக்கு வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. பதவி உயர்வுத் தேர்வில் மற்றவர்களைவிடப் பின்தங்க வைக்கிறது என்றால் அது சட்டப்படி குறைபாடுதான், தேர்வு எழுதுவதும் அன்றாடச் செயல்தான் என்று தீர்ப்பு வந்தது. உயர் பதவியில் இருப்பதால் குறை இருக்க முடியாது என்று வாதிடுகிறவர்களுக்குப் பதில் அது.

இந்தியாவில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில், எழுதித் தர ஆள் கேட்பதற்கு 40 சதவீதக் குறைபாடு இருந்தே தீர வேண்டும் என்ற அவசியம் இல்லை என்றது. அது குடிமைப் பணித் தேர்வு எழுத வந்தவரின் வழக்கு, குறை எழுதும் கையில். 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்டது. 2021 நவம்பரில் டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதைப் பாதிக்கும் கற்றல் குறைபாடு, உள்ள மாணவி ஒருவரின் வழக்கும் வந்தது, மருத்துவ நுழைவுத் தேர்வில் அவருக்குச் சேர வேண்டிய கூடுதல் நேரத்தை மறுத்தது அநீதி என்று அதே நீதிமன்றம் சொன்னது. தம்பியின் விஷயத்தில் தேர்வு அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் பணியாளர் பிரிவுக்கு இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

ஒலிவடிவம்:

கருவிகளைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. காசு செலவில்லாமல் தொடங்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பகுதியில் ‘தேர்ந்தெடுத்துக் கேட்க’ என்பது போன்ற வசதி இருக்கும், தமிழ்க் குரலும் வருகிறது. ஐபோனில் திரையைப் பேச வைக்கலாம். அச்சுத் தாளாக இருந்தால் கேமராவில் பிடித்து எழுத்தாக்கிக் கேட்கலாம். எழுதச் சிரமம் என்றால் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். வேர்டிலும் எட்ஜ் உலாவியிலும் இம்மெர்சிவ் ரீடர் என்று ஒன்று இருக்கிறது, எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி, ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் காட்டும்.

புத்தகங்களுக்கு மராக்கேஷ் உடன்படிக்கையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அச்சில் வாசிக்க முடியாதவர்களுக்கு ஏற்ற வடிவத்தில் புத்தகம் கிடைக்கப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்பதற்கான நாடுகளின் ஒப்பந்தம் அது. 2013இல் வந்தது, 2016இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. பார்வையற்றோருக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள், வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் அதில் அடக்கம். அணுகத்தக்க வடிவத்தில் புத்தகம் தரும் நூலகங்களில் டிஸ்லெக்சியா உள்ளவரும் உறுப்பினர் ஆகலாமா என்று கேட்டுப் பாருங்கள், புக்‌ஷேர் போன்ற இணைய நூலகங்களில் ஆகலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தேர்வு நாளில்தான் முதல்முறையாகக் கணினிக் குரலைக் கேட்டால் குழம்பிவிடுவார். அந்தக் குரலின் வேகத்துக்குக் காது பழக வாரக்கணக்கில் ஆகும், இன்றிலிருந்தே பாடத்தை அதில் கேட்கட்டும்.

மாலைவகுப்பு:

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மனமார்ந்த நன்றி. மெல்லவாசிப்பு சொன்னபடி அவரிடம் தனியாகப் பேசினேன். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை, பிறகு ‘இது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்’ என்றார். அதன் பிறகு அவரே பேசிக்கொண்டு போனார்.

நான் அவருக்குப் படித்துக் காட்ட ஆள் கேட்கலாம் என்று இருந்தேன். அவர் அதை வேண்டாம் என்கிறார். முன்பின் தெரியாத ஒருவரிடம் திரும்பத் திரும்பப் படியுங்கள் என்று கேட்க வாய் வராது, இயந்திரத்திடம் எத்தனை முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது என்கிறார். கணினிக் குரல், தனி அறை, கூடுதல் நேரம், இவை போதுமாம். மதிப்பீட்டுக்கும் தேதி வாங்கியாயிற்று, பழைய பள்ளி அறிக்கைகளை அவருடைய அக்கா பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்:

‘நான் இந்த ஆண்டுத் தேர்வுக்குப் பதிவு செய்துள்ளேன். வாசிப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே சிரமம் உள்ளது. மதிப்பீட்டு அறிக்கையும் பழைய பள்ளி அறிக்கைகளும் இணைத்துள்ளேன். நீளமான கேள்விகளைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது, விடை தெரிந்தும் எழுத முடியவில்லை. எனவே கேள்வித்தாளைக் கணினிக் குரலில் கேட்கும் வசதி, தனி அறை, விதிகளின்படி கூடுதல் நேரம் ஆகியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் இதே முறையில் எழுதிய மாதிரித் தேர்வுத் தாள்களையும் ஆசிரியரின் குறிப்பையும் இணைத்துள்ளேன்.’

மறுத்துவிட்டால் அடுத்து என்ன என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

தேர்வறை:

நல்ல கடிதம். மூன்று இடம் திருத்துங்கள். மொழித் தாளுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். வாசிப்புத் திறனையே அளக்கும் பகுதி அதில் இருந்தால் ஆள் படித்துக் காட்ட அனுமதிக்க மாட்டார்கள், ஆனால் கணினிக் குரலைச் சில தேர்வு முறைகளில் அங்கேயும் விடுகிறார்கள், பிரிட்டனில் அப்படித்தான். ஆகவே அந்தப் பகுதிக்கு எது அனுமதி என்று நேரடியாகக் கேளுங்கள். தனி அறை ஏன் என்று காரணம் இல்லை, சேர்க்க வேண்டும், குரலைக் கேட்டுக்கொண்டே தானும் மெல்லச் சொல்லிப் பார்ப்பார் என்றால் அதை எழுதினாலே போதும். எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்றும் போடுங்கள், தேதி இல்லாத கடிதம் கட்டுக்குள் அடியில் போய்விடும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. ‘கிடையாது’ என்று கவுண்டரில் சொல்பவருக்குப் பெரும்பாலும் அந்த அதிகாரமே இருக்காது. கேட்டது முடியாது என்றால் அதற்குப் பதில் எது முடியும் என்றும் கேளுங்கள், பேசித் தீர்க்க அங்கே இடம் இருக்கும்.

சட்டப்புத்தகம்:

அதற்கும் மேலே போக வேண்டி வந்தால் இந்தியாவில் மாநில ஆணையர், மத்தியில் தலைமை ஆணையர் இருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே. மற்ற நாடுகளில் மனித உரிமை ஆணையம், தீர்ப்பாயம், குறைதீர்ப்பு அலுவலகம் என்று பெயர் மாறும். புகார் செய்யக் காலக்கெடு உண்டு, பல இடங்களில் அது மாதக் கணக்கில்தான். ஆகவே மறுப்பு வந்த நாளைக் குறித்து வையுங்கள்.

மாலைவகுப்பு:

மூன்று திருத்தமும் செய்தாயிற்று. மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் கடிதத்தைக் கைபேசிக் குரலில் அவரே ஒருமுறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மையத்தில் அவர்தான் கொடுக்கப் போகிறார், நான் கூட இருப்பேன். நகலும் ஒப்புகைச் சீட்டும் அவரிடமே இருக்கும்.